சுமந்து சென்ற நூல்: சி. சு. செல்லப்பாவும் எழுத்தை நிறைவேற்றும் கடமையும்

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் சின்னமனூரையும் உத்தமபாளையத்தையும் கடக்கையில் இருபுறமும் நெல் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் திராட்சைப் பந்தல்களையும் காண்பர். இவ்வளத்திற்கு ஆதாரமாயிருப்பது முல்லைப் பெரியாற்று நீர் என்பதைப் பள்ளத்தாக்கின் சிறுவரும் அறிவர். 1887-இல் தொடங்கப்பட்ட அவ்வணையின் வேலை வெள்ளத்தால் குலைந்தும் கைவிடப்படாமல் 1895-இல் நிறைவெய்தியது. பென்னிகுயிக்கின் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கு இடும் அளவிற்கு இப்பகுதி மக்கள் அவரைப் போற்றுவதற்குக் காரணம், அவர் ஓர் அணையைத் திட்டமிட்டார் என்பதன்று. அதைக் கட்டி முடித்தார் என்பதே. திட்டத்தில் மட்டும் இருந்த அணை எந்த வயலுக்கும் நீர் தந்ததில்லை.

நூல்களுக்கும் இஃது பொருந்தும். தொடங்கப்பட்ட நூல்கள் நம்மிடையே பல, நிறைவெய்தியவை சில, நிறைவெய்தியபின் வாசகரைச் சென்றடைந்தவை மிகச் சில. இக்குறையை ஆராய்வதற்கு இப்பள்ளத்தாக்கோடு பெயரளவிலேனும் பிணைந்த ஓர் எழுத்தாளரின் வாழ்வையும் நூல்களையும் எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் சி. சு. செல்லப்பா (1912–1998). அவர் பெயரின் முதலெழுத்துக் குறிப்பது சின்னமனூரை. இரண்டாம் எழுத்து தந்தை சுப்பிரமணியத்தை. வத்தலக்குண்டில் வளர்ந்து, மதுரைக் கல்லூரியில் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து எழுதியவர் அவர். அவர் கிறிஸ்தவரல்லர், சமய நூல் எழுதியவருமல்லர். ஆயினும் எழுத்தைத் தம் கடமையாகக் கருதும் நமக்கு அவரிடம் கற்கவும் வேண்டும். அவரோடு வாதிடவும் வேண்டும்.

1. முடிவுறாத கைப்பிரதிகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரின் இல்லத்தில், அவர் மறைந்தபின் அவருடைய நூல்களை வகைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அலமாரியின் அடித்தட்டில் கோடிட்ட நோட்டுப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றில், பள்ளத்தாக்கின் சிற்றூர்ச் சபை ஒன்று உருவான வரலாறு முதியோர் வாய்மொழியாக எழுதப்பட்டிருந்தது. நான்காம் அதிகாரத்தின் நடுவில், ஒரு வாக்கியம் முடிவதற்கு முன்பே எழுத்து நின்றிருந்தது. அவரிடம் செய்தி சொன்ன முதியோருள் எவரும் இன்று உயிரோடில்லை. ஆகவே அவ்வாக்கியத்தை இனி எவரும் முடிக்க இயலாது.

இந்நிலைக்கு நாம் வழக்கமாகக் கூறும் காரணங்கள் மூன்று. ஊழியத்தின் சுமை எழுத நேரம் தரவில்லை என்பது ஒன்று. எழுதினாலும் அச்சிடுவார் இல்லை என்பது மற்றொன்று. அச்சிட்டாலும் வாசிப்பார் இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொய்யல்ல. ஆனால் இவற்றை மூன்று தனித்தனிப் படிகளாக, ஒன்று முடிந்தபின் மற்றொன்றைக் கவனிக்கலாம் என்று நாம் எண்ணுவதே தவறு என்பது என் கருத்து. எழுதும் ஓட்டம், முடிக்கும் உறுதி, வாசகரைக் காணுதல் ஆகிய மூன்றும் ஒரே செயலின் மூன்று முகங்களாகும். யாருக்கு எழுதுகிறோம், அதை அவரிடம் யார் கொண்டுசேர்ப்பார் என்பது முதற்பக்கத்திலேயே தெளிவாகாத நூல் பெரும்பாலும் நான்காம் அதிகாரத்தில் நின்றுவிடுகிறது. செல்லப்பாவின் வாழ்வு இதற்குச் சான்று.

2. மாதந்தோறும் ஒரு கடன்

1959 ஜனவரியில் செல்லப்பா 'எழுத்து' என்னும் சிற்றேட்டைத் தொடங்கினார். அதே ஜனவரியில்தான் ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை அணை திறக்கப்பட்டது. அணையின் திறப்பு நாடறிந்த செய்தியாயிற்று. ஏட்டின் தொடக்கத்தை அறிந்தோர் சிலரே. இரண்டாயிரம் பிரதிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று அவ்வேடு தொடக்கத்திலேயே அறிவித்தது. அவ்வரம்பைத் தொடும் நிலையோ ஒருபோதும் வரவில்லை. எனினும் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. பிற்காலத்தில் அது காலாண்டு ஏடாக மாறியது. ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைகளுக்கும், வெங்கட் சாமிநாதன், ஈழத்திலிருந்து எழுதிய தருமு சிவராமு போன்ற அன்றைய இளைஞர்களின் எழுத்துகளுக்கும் அதுவே மேடையாயிற்று. தமிழ்ப் புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் அது ஆற்றிய பணி இலக்கிய வரலாற்றில் பதிவானதே. அதை இங்கு மீண்டும் விரிக்க வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. மாத ஏடு என்பது ஆசிரியன் தன்மேல் தானே ஏற்றிக்கொள்ளும் கடன். சந்தா செலுத்தியவர் எண்ணிக்கையில் சிலராயினும் அவர்கள் பெயரும் முகவரியும் உடையவர்கள். குறித்த நாளில் இதழை எதிர்பார்ப்பவர்கள். அந்தச் சிலருக்குக் கடன்பட்டதனாலேயே செல்லப்பா மாதந்தோறும் எழுதினார். அவருடைய 'ஜீவனாம்சம்' என்னும் நாவலும் 'எழுத்து' ஏட்டில் தொடராக வந்து பின்னர் நூலாயிற்று. எழுதத் தோன்றும்போது எழுதுவது என்னும் முறையில் அது உருவாகவில்லை.

இம்முறை நமக்குப் புதிதன்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூல்வடிவம் பெறுவதற்கு முன் 'நற்போதகம்' இதழில் பல்லாண்டுகள் பகுதிபகுதியாக வெளிவந்தது என்பதை இறையியல் மாணவர் அறிவர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட ஒரு காப்பியம் ஒரே மூச்சில் எழுதப்பட்டதன்று. அடுத்த இதழுக்குரிய பகுதி எது என்னும் சிறு கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் விடையளித்ததன் விளைவே அப்பெருநூல். பெரிய நூலை எழுத அமர்ந்தவன் அதன் பெருமையைக் கண்டே அஞ்சி நின்றுவிடலாம். அடுத்த பகுதியை எழுத அமர்ந்தவனுக்கு அவ்வச்சம் குறைவு.

பள்ளத்தாக்கைச் சார்ந்த மற்றொரு நூலும் இதையே காட்டுகிறது. வைகை நீர்த்தேக்கத்திற்காக ஊரிழந்த மக்களைப் பற்றிய வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆனந்த விகடனில் தொடராக வந்தபின் நூலாகி, 2003-ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அங்கே வார இதழின் பெருந்திரளான வாசகர் காத்திருந்தனர். 'எழுத்து' ஏட்டிற்கோ சில நூறு பேரே. எண்ணிக்கை வேறுபட்டாலும் இயங்குமுறை ஒன்றே. காத்திருக்கும் வாசகன் எழுத்தாளனின் கையை நிற்கவிடுவதில்லை.

3. தோளில் சுமந்த நூல்கள்

செல்லப்பாவைப் பற்றி எழுதியோர் பலரும் குறிப்பிடும் ஒரு காட்சி உண்டு. தாம் எழுதியவற்றையும் தம் எழுத்து பிரசுரத்தின் வழியே வெளியிட்ட பிறர் நூல்களையும் பைகளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று அவர் விற்றார். இக்காட்சி நம்மிடம் பரிவையே எழுப்புகிறது. சிலரிடம் ஏளனத்தையும் எழுப்பியிருக்கலாம். நல்லதோர் எழுத்தாளன் புத்தக மூட்டையோடு அலைவது தமிழ்ச் சமுதாயத்தின் இழிநிலை என்று கூறி முடித்துவிடுவோரும் உளர்.

அவர்கள் கூற்றில் உண்மை உண்டெனினும் அது முழு உண்மையன்று. செல்லப்பா மூட்டையைச் சுமந்தது வேறு வழியின்மையால் மட்டுமன்று. நூலைக் கொண்டுசேர்ப்பதும் எழுத்துப்பணியின் பகுதியே என்று அவர் நம்பியதாலும் ஆகும். அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து சேர்ந்தவுடன் எழுத்தாளனின் வேலை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. இங்கே நம் நிலையை எண்ணிப் பார்ப்பது தகும். தம் நூலின் ஆயிரம் பிரதிகளை அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் ஐம்பது பிரதிகளை அன்பளிப்பாக வழங்கி, எஞ்சியவற்றை ஆயர் இல்லத்தின் ஓர் அறையில் கரையானுக்கு விட்டவர் நம்மிடையே இல்லையா? தம் நூலைத் தாமே எடுத்துச் சென்று விற்பது ஆயரின் கண்ணியத்திற்கு இழுக்கு என்று அவர்கள் கருதியிருக்கலாம். ஆனால் சுவிசேஷப் பகுதிகளைத் தோளிற் சுமந்து சந்தைதோறும் காலணா, அரையணாவுக்கு விற்ற புத்தக ஊழியரின் கால்நடையால் வளர்ந்த சபைகளின் வழிவந்தவர்கள் நாம். அவர்கள் சுமந்ததில் இழுக்கில்லையெனில் நாம் சுமப்பதிலும் இல்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். நூலைச் சுமந்து செல்பவன் வாசகனின் முகத்தைக் காண்கிறான். எந்த நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள், எதை எடுத்துக்கொண்டபின் அடுத்த முறை அதைக் குறித்துக் கேள்வி கேட்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வாசகர் எங்கே என்று கேட்பதற்கு முன், நாம் எத்தனை வாயில்களில் ஏறி இறங்கினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம்.

4. இரு நூல்கள், இரு முடிவுகள்

இதுகாறும் கூறியவை செல்லப்பாவைப் போற்றுவன. திறனாய்வு அத்துடன் நிற்றல் ஆகாது. அவருடைய இரண்டு நூல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவர் முறையின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படும்.

முதலாவது, 1959-இல் வெளிவந்த 'வாடிவாசல்'. ஒரே பிற்பகலில், ஒரே சல்லிக்கட்டுத் திடலில் நிகழும் கதை அது. தன் தந்தையைக் குத்திக் கொன்ற காரி என்னும் காளையை அடக்க வருகிறான் பிச்சி. உடன் வருபவன் மருதன். காளை ஜமீன்தாருடையது. பிச்சி காளையை அணைகிறான். தோற்ற காளையை அதன் உரிமையாளரே சுட்டுக் கொல்கிறார். வீரம், பழி, உரிமையாளரின் கௌரவம் ஆகிய மூன்றையும் ஆசிரியர் விளக்கிச் சொல்வதில்லை. திடலில் மோதவிட்டுப் பார்க்கிறார். எங்குத் தொடங்க வேண்டும், எங்கு நிறுத்த வேண்டும் என்பதைக் கதையின் களமே அவருக்கு விதித்துவிட்டது. காளை வீழ்ந்தபின் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அளவிற் சிறிய இந்நூல் ஆசிரியரின் காலத்திற்குப் பின்னும் காலச்சுவடு வெளியீடாகப் பல பதிப்புகள் கண்டது. 2013-இல் என். கல்யாண்ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2017-இல் சல்லிக்கட்டுக்காகத் தமிழகமெங்கும் இளைஞர் திரண்டபோது மீண்டும் பலர் கைக்கு வந்த நூலும் இதுவே.

இரண்டாவது, 'சுதந்திர தாகம்'. விடுதலைப் போராட்டக் காலத்து இளைஞர் தலைமுறையின் வாழ்வைக் கூறும் மூன்று பெரும் பாகங்கள். 1997-இல், தம் எண்பத்தைந்தாம் வயதில், உடல்நலம் குன்றிய நிலையிலும் செல்லப்பா தாமே அதனை வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார். 2001-இல் அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அதைப் பெற அவர் இல்லை. தாம் கண்ட காலத்தைப் பற்றித் தாம் பட்ட கடனைத் தீர்க்காமல் கண்மூடுவதில்லை என்னும் அவர் உறுதிக்கு இந்நூலே சாட்சி. அவ்வுறுதியை வணங்காதிருக்க இயலாது.

ஆயினும் நூலை நூலாகவே மதிப்பிடும்போது ஒன்றைக் கூறவேண்டியிருக்கிறது. 'சுதந்திர தாகம்' மதிக்கப்படும் அளவிற்கு வாசிக்கப்படுவதில்லை. அதற்கு அதன் நீளம் மட்டும் காரணமன்று. நினைவிலிருந்த கூட்டங்களும் உரையாடல்களும் ஊர்வலங்களும் ஏறத்தாழ ஒரே எடையுடன் அதில் இடம்பெறுகின்றன. எதை விடலாம் என்று ஆசிரியரிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருப்பின், அதே நூல் இன்னும் கூர்மை பெற்றிருக்கும் என்பது என் துணிபு. எழுதியவரும் தொகுத்தவரும் வெளியிட்டவரும் சுமந்தவரும் ஒருவரேயாயின், மறுத்துச் சொல்லும் இரண்டாம் குரலுக்கு இடமில்லாமற் போகிறது. பிறர் எழுத்தை அஞ்சாமல் விமர்சித்த 'எழுத்து' ஆசிரியருக்கு, அவருடைய இறுதிப் பெருநூலில் ஒரு 'எழுத்து' ஆசிரியர் வாய்க்கவில்லை. இது வருந்தத்தக்க முரண்.

'வாடிவாசல்' வாசகரைக் கண்ட விதத்தையும் இங்கு நோக்குக. அதன் முதல் வாசகரை ஆசிரியரின் தோள்கள் தேடித் தந்தன. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்வந்த வாசகரை மறுபதிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆசிரியர்களும் நண்பர்களுமே தேடித் தந்தனர். ஒருவன் தோள் ஒரு தலைமுறைக்கே போதும். அதற்கப்பால் நூல் செல்லவேண்டுமாயின் அது பிறர் கைக்கு மாறவேண்டும்.

5. தெயோப்பிலுவும் பெபேயாளும்

இவ்வுண்மைகளை நாம் அன்றாடம் கையாளும் திருமறையே நமக்குக் காட்டியிருக்கிறது. நாம்தாம் அவற்றை எழுத்துப்பணிக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. லூக்கா தம் நூலைத் தெயோப்பிலு என்னும் ஒருவரை முன்னிலைப்படுத்தித் தொடங்குகிறார். அந்த ஒருவருக்கு ஒழுங்காக எழுத வேண்டும் என்னும் அக்கறையே நூலின் ஒழுங்காயிற்று. அந்த ஒருவருக்கு எழுதப்பட்டது உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. எல்லாருக்கும் எழுதத் துணிவோர் பலவேளைகளில் ஒருவருக்கும் எழுதாது போகிறோம்.

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இறுதி அதிகாரமோ ஒரு நூலின் பின்னே எத்தனை கைகள் உள்ளன என்பதை வெளிப்படுத்துகிறது. எழுத்தில் வடித்த தெர்தியு தம் பெயரால் வாழ்த்துரைக்கிறார். கெங்கிரேயா சபையின் பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் வேண்டுகிறார். நிருபத்தைக் கொண்டுசென்றவர் அவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பவுலின் சிந்தனை பெரிதுதான். ஆனால் தெர்தியுவின் கையும் பெபேயாளின் பயணமும் இன்றி அது ரோமாபுரியை அடைந்திராது. எரேமியாவின் சுருளை அரசன் தீயிலிட்டபோதும், அதை மீண்டும் எழுதப் பாருக் அருகிலிருந்தான். செல்லப்பாவிடம் உறுதி இருந்தது, பயணமும் இருந்தது. குறைந்தது தெர்தியுவும் பாருக்குமே.

6. நமக்குரிய கடமை

கம்பம், போடி ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். அவர்களுள் பலர் நம் சபையோர். அவர்கள் பாடும் பாடல்கள், அவர்கள் தாய்மார் திருமுழுக்குப் பெற்ற காலத்து ஊர்ப்பகை, தோட்டத்து லயன்களில் நடந்த ஜெபக்கூட்டங்கள் ஆகியவற்றை எந்த நூலகத்தில் தேடுவது? அமெரிக்க மதுரை மிஷன் இப்பகுதியில் ஆற்றிய பணியை மிஷனெரிமார் தங்கள் மொழியில், தங்கள் ஆதரவாளருக்காக எழுதி முடித்து, அவர்களிடம் அனுப்பியும் வைத்தனர். யாருக்கு எழுதுகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதே வரலாற்றைத் தமிழில், அதை வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகளுக்காக எழுத வேண்டியவர் நாம். நம் நூல்களோ நான்காம் அதிகாரத்தில் நிற்கின்றன.

ஆகவே இறுதியாகச் சிலவற்றைப் பரிந்துரைக்கத் துணிகிறேன். எழுதத் தொடங்குமுன், நூலுக்காகக் காத்திருக்கக்கூடிய பன்னிரண்டு பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்க. பெயர் கிடைக்காவிடில் நூலின் பொருளை மாற்றுக. மாதந்தோறும் ஒரு பகுதியை அவர்களுக்கு அனுப்புவதாக வாக்களித்து அனுப்புக. அது தட்டச்சுப் பிரதியாயினும், சபை மடலின் இரு பக்கங்களாயினும், கைப்பேசியில் அனுப்பும் படியாயினும் சரியே. அப்பன்னிருவருள் ஒருவருக்கு வெட்டும் உரிமையைக் கொடுத்து, அவர் வெட்டும்போது சினவாதிருக்க. நூறு பக்கத்தில் முடியக்கூடிய நூலை முதலில் எழுதுக. ஐம்பது பிரதிகளும் அச்சிடத்தக்க வசதி இன்று வந்துவிட்டதால் ஆயிரம் பிரதிகளின் கடனை ஏற்க வேண்டியதில்லை. அந்த ஐம்பதையும் அன்பளிப்பாகக் கொடாமல், சேகரக் கூட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் புத்தகத் திருவிழாக்களுக்கும் தாமே எடுத்துச் சென்று கொடுக்க. தமக்குப்பின் அதைச் சுமப்பவர் யார் என்பதையும் தாம் இருக்கும்போதே தீர்மானிக்க.

இவற்றுள் எதற்கும் பெரும்புலமை வேண்டியதில்லை. ஓய்வுக்காலம் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அலமாரியின் அடித்தட்டில் கண்ட அந்நோட்டுப் புத்தகம் இன்று என் மேசைமேல் இருக்கிறது. அரைகுறையாய் நின்ற அவ்வாக்கியத்தை என்னால் முடிக்க இயலாது. ஆனால் அதற்கு முன்னுள்ள மூன்று அதிகாரங்களும் முழுமையானவை. அவற்றைப் படியெடுத்து, அச்சபையின் இளைஞர் பன்னிருவருக்கு இம்மாதம் முதல் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். நின்ற இடத்திலிருந்து தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதும்படி அவர்களை வேண்டியிருக்கிறேன். இருவர் எழுதியனுப்பியிருக்கின்றனர்.